அறிக்கையில் வரும் ‘கேராஸ் ஜி12டி’: சதையிப் புற்றுநோயும் கலத்தை வளர்க்கும் பரம்பரையலகுகளும்

சதையிப் புற்றுநோய் என்று முடிவாகி, ஊசியில் எடுத்த இழையத் துண்டு பரம்பரையலகுப் பரிசோதனைக்கும் போய்த் திரும்பினால், கையில் கிடைக்கும் அறிக்கையின் நடுவில் இப்படி ஒரு வரி இருக்கும்: கேராஸ், கோடோன் 12, ஜி12டி, 9 வீதம். திருகோணமலைப் பெரியாஸ்பத்திரி கிளினிக்கில் இலக்கத் துண்டோடு காத்திருக்கும் குடும்பம் இந்த வரியைப் பார்த்ததும் கேட்கும் முதல் கேள்வி, “இது பிள்ளையளுக்கும் வருமோ டொக்டர்?” என்பதுதான். அடுத்தது, “இதுக்கு மருந்து இருக்கோ?”

முதல் கேள்விக்கு இந்த வரி பதில் சொல்லாது. அதற்கு வேறு பரிசோதனை உண்டு. இரண்டாவது கேள்விக்குப் பத்து வருடத்துக்கு முன் ‘இல்லை’ என்று ஒரு சொல்லில் முடித்திருக்கலாம். இப்போது அப்படி முடியாது. இரண்டையும் விளங்கிக்கொள்ள, வளர்ச்சிப் பரம்பரையலகு இந்த வருத்தத்தில் எந்தக் கட்டத்தில் வருகிறது என்று தெரிந்திருக்க வேண்டும். அது வருவது கடைசியில் இல்லை, முதலில்.

சொற்களைப் பற்றி ஒன்று. தமிழ்நாட்டில் கணையம், செல், மரபணு, குரோமோசோம் என்பவை எங்கள் உயர்தர உயிரியல் புத்தகத்தில் சதையி, கலம், பரம்பரையலகு, நிறமூர்த்தம். கைக்கு வருவது அதுதான். மியூட்டேஷன் என்பதை விகாரம் என்று படித்தோம்.

கேராஸ் என்னும் வளர்ச்சிப் பரம்பரையலகு 12ஆம் நிறமூர்த்தத்தில் இருக்கிறது. அது செய்யும் புரதம் சின்னது, 188 அமினோ அமிலங்கள். அதில் 12ஆவது இடத்தில் இருக்க வேண்டியது கிளைசீன். அமினோ அமிலங்களில் மிகச் சிறியது கிளைசீன்தான். பக்கச் சங்கிலி என்று சொல்ல ஒரு ஐதரசன் அணு மட்டும். டிஎன்ஏயில் அதற்குரிய மூன்று எழுத்து (இதுதான் கோடோன்) குவானீன், குவானீன், தைமின். நடுவிலுள்ள குவானீன் அடினீனாக மாறினால் கிளைசீனின் இடத்தில் அஸ்பார்ட்டிக் அமிலம் வந்து உட்காரும். ஜி என்பது கிளைசீன், 12 என்பது இடம், டி என்பது அஸ்பார்ட்டிக் அமிலம். அதே நடு எழுத்து தைமினாக மாறினால் வலீன், அது ஜி12வி. முதல் குவானீன் சைற்றோசினாக மாறினால் ஆர்ஜினின், ஜி12ஆர். தைமினாக மாறினால் சிஸ்டீன், ஜி12சி. சதையிப் புற்றுநோய்களில் 90 வீதத்துக்கு மேற்பட்டவற்றில் கேராஸ் கெட்டிருக்கும். அவற்றில் ஏறக்குறைய 40 வீதம் ஜி12டி, 30 வீதமளவு ஜி12வி, 15 வீதமளவு ஜி12ஆர். ஜி12சி ஒன்றிரண்டு வீதம்தான்.

ஓர் எழுத்து மாறி இவ்வளவு கெடுதல் வருவதற்குக் காரணம் அந்த இடம். கேராஸ் கலமென்சவ்வின் உட்புறத்தில் ஒட்டியிருக்கும் ஒரு சுவிட்ச். ஜிடிபி என்னும் சிறு மூலக்கூறைப் பிடித்திருந்தால் அணைந்த நிலை, ஜிரிபி என்பதைப் பிடித்திருந்தால் எரியும் நிலை. வெளியிலிருந்து வளர்ச்சிக் காரணி வந்து கலத்தின் மேலுள்ள வாங்கியை (ரிசெப்டர்) தொட்டால், பழைய ஜிடிபி கழன்று ஜிரிபி ஏறும். வேலை முடிந்ததும் ஜிரிபியை வெட்டி அணைய வேண்டும். ஆனால் கேராஸ் தனியே அதைச் செய்ய மிக மெதுவானது. காப் என்னும் வேறொரு புரதம் வந்து தன் ஆர்ஜினின் ‘விரலை’ உள்ளே நுழைத்தால் அந்த வெட்டு ஒரு லட்சம் மடங்களவுக்கு வேகமாகும். விரல் நுழையும் சந்து 12ஆம் இடத்துக்குப் பக்கத்தில். கிளைசீன் இருந்தால் சந்து திறந்திருக்கும். வேறெதுவும் அங்கே உட்கார்ந்தால் விரல் இடிக்கும்.

அக்சிலேட்டர் அமுங்கிப்போனது என்று இதைப் பத்திரிகைகளில் எழுதுவார்கள். அது அரைகுறை. வாசல் மணியின் பொத்தான் உள்ளே சிக்கியது என்று சொன்னால் கிட்ட வரும். வாசலில் ஆளில்லை, மணி அடித்துக்கொண்டே இருக்கிறது, வீட்டிலுள்ளவர்கள் திரும்பத் திரும்பக் கதவைத் திறக்கிறார்கள். அந்தக் கதவு கலத்துக்குள் இரண்டு பாதைகளில் திறக்கும். ஒன்று ராஃப், மெக், ஏர்க் என்னும் புரதங்கள் வழியாகக் கலத்தின் கருவுக்குள் போய், பிரிவைத் தூண்டும் மிக், சைக்ளின் டி1 ஆகிய புரதங்களைக் கூட்டும். சைக்ளின் டி1, சிடிகே4, சிடிகே6 என்னும் நொதியங்களோடு சேர்ந்து ஆர்பி என்னும் காவல் புரதத்தை விலக்கினால் டிஎன்ஏ இரட்டிக்கத் தொடங்கும். மற்றது பிஐ3கே, ஏக்டி வழி. சத்தை உள்ளே எடுப்பதும் சாகாமல் தப்புவதும் அந்தப் பக்கத்து வேலை. ஜி12ஆர் மட்டும் இந்த இரண்டாவது கதவைச் சரியாகத் திறப்பதில்லை. நுரையீரலிலும் பெருங்குடலிலும் அரிதான அந்த வகை சதையியில் மட்டும் ஏன் இவ்வளவு என்பது ஆய்வாளர்களை இன்னும் உட்கார வைக்கும் கேள்வி.

மணி அடித்தால் மட்டும் புற்றுநோய் வந்துவிடாது. வயதானவர்களின் நல்ல சதையியைச் சீவி நுணுக்குக்காட்டியில் பார்த்தாலே, சிறு குழாய்களின் ஓரத்தில் கலங்கள் உயர்ந்து சளி கட்டிய பானின் என்னும் சிறு மாற்றங்கள் பலரிடம் தெரியும். மிகக் குறைந்த தரப் பானினில்கூட 90 வீதத்துக்கு மேல் கேராஸ் விகாரம் இருப்பது 2012இல் காட்டப்பட்டது. அந்த மனிதர்களில் பெரும்பாலானோர் வேறு காரணத்தால் முதுமையில் இறந்துபோகிறவர்கள். எலிகளிலும் இதே கதை. சதையியில் கேராஸ் ஜி12டி மட்டும் வைத்த எலிகளை 2003இல் உருவாக்கினார்கள். எல்லாவற்றுக்கும் பானின் வந்தது, பரவும் புற்று வந்தது சிலவற்றுக்கு, அதுவும் நாள் பிந்தி. 2005இல் அதோடு பி53 என்னும் காவல் பரம்பரையலகின் கெட்ட வடிவத்தையும் சேர்த்தபோது அந்த எலிகளின் இடைநிலை ஆயுள் ஏறக்குறைய 5 மாதமாகச் சுருங்கியது.

ஓயாமல் ‘வளர்’ என்று கேட்கும் கலம் சும்மா இருப்பதில்லை. தன்னைத் தானே பூட்டிக்கொள்ளும். பூட்டுகிறவர்களில் முக்கியமானது பி16 என்னும் புரதம். சிடிகே4, சிடிகே6 இரண்டையும் அது பிடித்து வைக்கும். அதன் பரம்பரையலகு சிடிகேஎன்2ஏ, 9ஆம் நிறமூர்த்தத்தில். சதையிப் புற்றுகளில் ஏறக்குறைய பத்தில் ஒன்பதில் இது வெட்டுண்டோ, விகாரமாகியோ, வாயடைக்கப்பட்டோ இருக்கும். இந்த இடத்தில் இயற்கை ஒரு சிக்கனம் செய்திருக்கிறது, அது நமக்குக் கெடுதலாக முடிந்தது. அதே துண்டு டிஎன்ஏ, பி53ஐக் காக்கும் இன்னொரு புரதத்தையும் எழுதுகிறது. ஒரே வெட்டில் இரண்டு காவலாளி போய்விடுவார்கள். பக்கத்து வீடான எம்டாப் என்னும் பரம்பரையலகும் பல நேரம் சேர்ந்தே போகும். அந்த இழப்பையே பிடியாக வைத்து அடிக்கும் மருந்துகள் இப்போது ஆய்வில் உள்ளன.

அடுத்தது பி53. டிஎன்ஏ உடைந்த கலத்தை நிறுத்தவோ கொல்லவோ வேண்டியது. ஏறக்குறைய 70 வீதத்தில் கெட்டிருக்கும். நான்காவது எஸ்மாட்4, பாதிக்குக் கிட்டிய புற்றுகளில் காணாமல் போயிருக்கும். 1996இல் ஜோன்ஸ் ஹொப்கின்ஸில் சதையிப் புற்றிலேயே இது கண்டுபிடிக்கப்பட்டது. அன்று வைத்த பெயர் டிபிசி4. டிஜிஎஃப்-பீட்டா என்னும் சைகை நல்ல மேலணிக் கலத்திடம் ‘பிரியாதே’ என்று சொல்வது எஸ்மாட்4 வழியாகத்தான். அது போனபின் அதே சைகை, கலம் நழுவி அலைவதற்குத் துணைபோகத் தொடங்கும். 76 பேரின் பிரேதப் பரிசோதனையை வைத்து 2009இல் வெளிவந்த ஆய்வில், ஏறக்குறைய 30 வீதமானோர் கட்டி இருந்த இடத்திலேயே சிதைத்ததால் இறந்திருந்தார்கள், 70 வீதமானோர் உடலெங்கும் பரவி. இரண்டாவது கூட்டத்தில்தான் எஸ்மாட்4 இழப்பு அதிகம். ஒரே பெயருள்ள வருத்தம், இரண்டு விதமான சாவு.

இதற்கெல்லாம் எவ்வளவு காலம் எடுக்கிறது? 2010இல் 7 நோயாளிகளின் கட்டிகளை எழுத்தெழுத்தாகப் படித்துக் கணக்குப் போட்டார்கள். முதல் விகாரத்திலிருந்து புற்றின் மூலக்கலம் பிறக்கச் சராசரி 11.7 ஆண்டு. அதிலிருந்து பரவும் திறன் வர இன்னும் 6.8 ஆண்டு. அதன்பின் சாவு வரை 2.7 ஆண்டு. திருகோணமலைக் கணக்கில் சொல்வதென்றால், 2004 டிசம்பர் 26 கடல் ஊருக்குள் வந்த அன்று ஒருவரின் சதையியில் ஓர் எழுத்து மாறியது என்று வைத்துக்கொள்ளுங்கள். 2009இல் கிண்ணியாப் பாலம் திறந்து பாதைப்படகு நின்றபோது அது இன்னும் புற்றுநோய் இல்லை. 2016இல் மூலக்கலம். 2023இல் பரவத் தயார். செங்கண்மாரியும் முதுகு நோவும் எட்டிப்பார்ப்பது அந்தக் கடைசித் துண்டில்தான்.

இந்தக் கணக்கை அப்படியே வேதவாக்காக எடுக்கக்கூடாது. 2016இல் வந்த இன்னொரு ஆய்வு, ஏறக்குறைய மூன்றில் இரண்டு கட்டிகளில் நிறமூர்த்தம் ஒரே அடியில் நொறுங்கி ஒட்டிய தடயத்தைக் கண்டது. அப்படியானால் சிலருக்குப் படிப்படியாக இல்லை, ஒரே இரவில் இரண்டு மூன்று காவல் சேர்ந்து விழுந்திருக்கலாம். போன வருடம் எடுத்த ஸ்கேனில் ஒன்றுமில்லை, இந்த வருடம் ஈரலில் கட்டி என்று வருபவர்களை வைத்துப் பார்த்தால் இது நம்பக்கூடியதாகவே படுகிறது.

பிந்திய கட்டத்தில் வளர்ச்சிப் பரம்பரையலகு திரும்பவும் மேடைக்கு வரும். கெட்ட கேராஸ் பிரதி இரண்டாக, மூன்றாகப் பெருகும். அல்லது நல்ல பிரதி தொலைந்து கெட்டது மட்டும் மிஞ்சும். மிக் பெருகும். பரவும் மூர்க்கம் கூடுவதற்கும் இந்த அளவுக் கூடுதலுக்கும் தொடர்பு இருப்பதை எலிகளில் தெளிவாகவே காட்டியிருக்கிறார்கள்.

இனி அந்த 9 வீதம். இதை ‘9 வீதம் கான்சர்’ என்று வாசித்து ஆறுதல்படுகிறவர்கள் உண்டு. அது அப்படி இல்லை. மாதிரியிலிருந்த டிஎன்ஏ பிரதிகளில் நூற்றுக்கு ஒன்பதில் மாறிய எழுத்து இருந்தது என்பதே அதன் பொருள். ஒவ்வொரு கலத்திலும் இரண்டு பிரதி, அதில் ஒன்று மட்டும் கெட்டது என்றால், மாதிரியிலிருந்த கலங்களில் ஏறக்குறைய 18 வீதம் புற்றுக்கலம். மிச்சமெல்லாம் நார்க்கலம், வெண்குழியம், நல்ல சதையி. இந்தப் புற்று தன்னைச் சுற்றி நாரிழையத்தைக் கட்டிக்கொண்டு வாழ்வது. கட்டியின் பருமனில் பெரும்பங்கு நார்தான். அதனால்தான் ‘கேராஸ் விகாரம் காணப்படவில்லை’ என்று வரும் அறிக்கையை உடனே நம்பக்கூடாது. மாதிரியில் புற்றுக்கலம் எத்தனை வீதம் என்று நோயியல் வைத்தியர் எழுதியிருக்கிறாரா என்று முதலில் பாருங்கள். 5 வீதம் என்றிருந்தால் அந்த ‘இல்லை’க்குப் பெறுமதி இல்லை. 30, 40 வீதம் இருந்தும் கேராஸ் நல்லதாக இருந்தால், குறிப்பாக நோயாளி இளவயதென்றால், என்ஆர்ஜி1, என்ட்ரிக், பிராஃப் போன்ற வேறு பரம்பரையலகுகளின் மாற்றங்களை விடாமல் தேடவேண்டும். சிறு கூட்டம்தான், ஆனால் அவர்களுக்கென்று மருந்து உண்டு. என்ஆர்ஜி1 இணைவுள்ள சதையிப் புற்றுக்கு அமெரிக்காவில் 2024 டிசம்பரில் ஒரு மருந்துக்கு அனுமதி கிடைத்தது.

மாதிரி கெடுவது பெரும்பாலும் இயந்திரத்தில் இல்லை, போத்தலில். எடுத்த துண்டு 10 வீத நடுநிலைத் தாங்கல் ஃபோமலினில், துண்டின் கனவளவைப்போல் குறைந்தது பத்து மடங்கு திரவத்தில் மூழ்கவேண்டும். 6 மணிக்குக் குறையாமல், 48 மணிக்கு மேற்படாமல். வியாழன் பின்னேரம் எடுத்தார்கள், வெள்ளி போயா, சனி ஞாயிறு ஆய்வுகூடம் பூட்டு, திங்கள் இரவு பஸ்ஸில் 260 கிலோமீட்டர் தள்ளிக் கொழும்புக்கு என்றால் அந்தத் துண்டு நாலைந்து நாள் ஊறியிருக்கும். தாங்கல் சேர்க்காத பழைய ஃபோமலின் என்றால் அமிலமாகி டிஎன்ஏயைத் துண்டு துண்டாக்கும். இன்னொரு நுணுக்கமான கெடுதல்: ஃபோமலினில் சைற்றோசின் மெல்லச் சிதைந்து யுராசிலாகும், இயந்திரம் அதைத் தைமின் என்று வாசிக்கும். எதிர் இழையில் பார்த்தால் அது குவானீன் அடினீனாக மாறியது போலத் தெரியும். ஜி12டி மாற்றமும் அதேதான். ஆகவே பழசான, அதிகம் ஊறிய மாதிரியில் 1 வீதம், 2 வீதம் என்று ஜி12டி வந்தால் திரும்பச் செய்யச் சொல்வது பிழையில்லை. 9 வீதத்துக்கு அந்தச் சந்தேகம் தேவையில்லை.

இரத்தத்தில் மிதக்கும் டிஎன்ஏயில் கேராஸ் பார்க்கும் முறையும் உண்டு. ஈரலில் பரவியிருந்தால் அகப்படும். சதையிக்குள் மட்டும் இருக்கும் கட்டியில் அடிக்கடி தப்பிவிடும். ஊசி எடுக்க முடியாதவர்களுக்கு உதவும், முதல் தெரிவாக இல்லை. செலவு குறைந்த ஒன்றைப் பலர் கேட்க மறந்துவிடுகிறார்கள். ஊசித் துண்டைப் பதித்து வைத்த அதே மெழுகுப் பாளத்திலிருந்து சீவிய துண்டில் எஸ்மாட்4, பி53 சாயம் போடுவது. எஸ்மாட்4 கரு வெறுமையாக இருந்தால் பரம்பரையலகு போய்விட்டது. பி53 அளவுக்கு மிஞ்சிக் கறுப்பாக இருந்தாலும் கெட்டது, ஒரேயடியாக ஒன்றுமில்லாமல் இருந்தாலும் கெட்டது.

மருந்துக்கு வருவோம். கேராஸை நேரடியாகப் பிடிக்க முடியாமல் போனதற்குக் காரணம் எளிது. அது ஜிரிபியைப் பிடித்திருக்கும் இறுக்கம் அபாரம், கலத்துக்குள் ஜிரிபியும் தாராளம். அந்த இடத்தில் போட்டி போட்டு உட்காரும் மருந்து செய்ய முடியவில்லை. வேறெங்கும் மருந்து பதிய ஒரு பள்ளம் இல்லை. அதனால் சுற்றுவழி தேடினார்கள். கேராஸ் சவ்வில் ஒட்டுவதற்கு ஒரு கொழுப்பு வால் தேவை, அதைப் பொருத்தும் நொதியத்தை அடைத்தால் போதும் என்று டிபிஃபார்னிப் கொண்டுவந்தார்கள். 688 பேரில் செய்த ஆய்வின் முடிவு 2004இல் வந்தது. வழக்கமான புற்று மருந்தான ஜெம்சிற்றபீனோடு இந்த மருந்தும் எடுத்தவர்களின் இடைநிலை ஆயுள் 193 நாள், ஜெம்சிற்றபீன் மட்டும் எடுத்தவர்களுக்கு 182. கேராஸ் வேறொரு நொதியத்தைப் பிடித்து வேறொரு வாலைப் பொருத்திக்கொண்டது. மேலே இருக்கும் வாங்கியை அடைக்கும் ஏர்லோட்டினிப் 2005இல் அனுமதி பெற்றது. அதனால் கூடிய ஆயுள் இரண்டு கிழமைக்குக் கிட்ட. கீழேயுள்ள மெக்கை அடைத்தபோதும் கலம் மேலே இன்னொரு வாங்கியைத் திறந்து ஈடுசெய்தது.

வழி பிறந்தது 2013இல். ஜி12சியிலுள்ள சிஸ்டீனைக் கொக்கிபோட்டுப் பிடிக்க, அதற்குப் பக்கத்தில் அணைந்த நிலையில் மட்டும் திறக்கும் ஒரு பள்ளத்தைக் கலிபோர்னிய ஆய்வுகூடம் ஒன்று கண்டது. அதன் தொடர்ச்சியாக 2021இல் சொட்டோராசிப் நுரையீரல் புற்றுக்கு வந்தது. ஜி12சி உள்ள சதையிப் புற்று நோயாளிகள் 38 பேரில் கொடுத்தபோது 8 பேருக்குக் கட்டி குறிப்பிடத்தக்க அளவு சுருங்கியது. சுருங்கியது என்பதே செய்தி: இத்தனை காவல் விழுந்த பின்னும் கட்டி அந்த முதல் எழுத்தை நம்பியே வாழ்கிறது. எலிகளில் 2012இலேயே கேராஸை அணைத்துக் காட்டியதும் இதைத்தான். ஜி12டி, ஜி12வி, ஜி12ஆர் உள்ள பெரும்பான்மையோருக்கு இப்போது பேசப்படுவது டராக்ஸோன்ராசிப். எரியும் நிலையிலுள்ள கேராஸைக் கலத்தின் வேறொரு புரதத்தோடு சேர்த்து ஒட்டி மூடிவிடும் மாத்திரை. மூன்றாம் கட்ட ஆய்வு வரை வந்த மருந்து அது. தோல் தடிப்பும் வாய்ப்புண்ணும் அதன் முக்கியமான தொந்தரவுகள். எந்த எழுத்து என்று அறிக்கையில் குறித்திருப்பது அதனால்தான் இன்று பயன்படும். ‘கேராஸ் பொசிட்டிவ்’ என்று மட்டும் எழுதியிருந்தால், எந்த வகை என்று எழுதித் தரச் சொல்லுங்கள்.

பிள்ளைகளின் கேள்வி. கட்டியிலுள்ள கேராஸ் விகாரம் கட்டியோடு பிறந்தது, விந்திலோ முட்டையிலோ இல்லை. அது கடக்காது. கடக்கக்கூடியவை வேறு பரம்பரையலகுகளின் விகாரங்கள்: பிஆர்சிஏ1, பிஆர்சிஏ2, பால்பி2, ஏடிஎம், சில குடும்பங்களில் சிடிகேஎன்2ஏயே. நோயாளிகளில் பத்தில் ஒருவர் வரை இப்படி ஏதோ ஒன்றோடு பிறந்தவர்கள். இதற்குக் கட்டி தேவையில்லை, ஒரு குழாய் இரத்தமோ எச்சிலோ போதும். குடும்பத்தில் யாருக்கும் புற்றுநோய் இல்லாவிட்டாலும் எல்லாச் சதையிப் புற்று நோயாளிகளுக்கும் இதைச் செய்யவேண்டும் என்பதே இப்போதைய அமெரிக்க வழிகாட்டல். கையில் காசு ஒரு பரிசோதனைக்கு மட்டும் இருக்கிறதென்றால், எங்கள் அபிப்பிராயத்தில் இதைத்தான் முதலில் செய்யவேண்டும். பிஆர்சிஏ கெட்டிருந்தால் பிளாட்டினம் சேர்ந்த மருந்து நன்றாகப் பிடிக்கும். அதற்குப்பின் ஓலபாரிப் என்னும் மாத்திரை கொடுத்த 2019 ஆய்வில் நோய் கூடாமல் இருந்த காலம் 3.8 மாதத்திலிருந்து 7.4 மாதமானது. பிள்ளைகளுக்கு அது கடந்திருக்க 50 வீத வாய்ப்பு. மகளுக்கு மார்பகப் பரிசோதனையை எந்த வயதில் தொடங்குவது என்பது வரை இந்தத் தாளில்தான் தங்கியிருக்கிறது. மாமிக்கு மார்பகப் புற்று, பெரியப்பாவுக்குப் புரஸ்டேட் என்பதைச் சொல்லாமல் விடாதீர்கள். அதற்கும் சதையிக்கும் என்ன தொடர்பென்று வீட்டில் மூடிவிடுவார்கள்.

இன்னொரு கதை இப்போது வட்ஸ்அப்பில் சுற்றுகிறது. புற்றுக்கலம் சீனியில் வாழ்கிறது, சோற்றையும் சீனியையும் நிறுத்தினால் பட்டினியில் சாகும் என்று. கெட்ட கேராஸ் குளுக்கோசை அதிகம் இழுக்கும் என்பது உண்மை. ஆனால் அதே கேராஸ் கலத்தின் சவ்வை மடித்து மடித்துச் சுற்றியுள்ள நீர்மத்தையும் அதிலுள்ள அல்புமினையும் மிடறு மிடறாகக் குடிக்கவைக்கும். தன் உறுப்புகளையே சமைத்துத் தின்னவும் தெரியும். பட்டினியில் முதலில் உருகுவது நோயாளியின் தசை. 5 கிலோ குறைந்தவருக்கு மருந்தின் அளவைக் குறைக்கவேண்டி வரும், சிலருக்கு மருந்தே நிற்கும். பிட்டோ இடியப்பமோ சொதியோடு, மீனோ முட்டையோ சேர்த்து, சின்னச் சின்னதாக ஆறு தரம் கொடுங்கள். சீனி வருத்தம் இருந்தால் இன்சுலினைச் சரிசெய்யலாம், சாப்பாட்டை வெட்டவேண்டாம். மலம் வெளிறி எண்ணெயாய் மிதந்தால் சதையி நொதியக் கப்சியூல் தேவை. பெரிய சாப்பாட்டுக்கு 40,000 முதல் 50,000 லிப்பேஸ் அலகு வழக்கம், முதல் வாயோடு தொடங்கிச் சாப்பாட்டின் நடுவிலும் பிரித்து. சாப்பிட்டு முடித்து அரைமணி கழித்துப் போட்டால் வீண். வாங்கிக்கொண்டு மோட்டார் சைக்கிள் பெட்டிக்குள் வைத்து வெயிலில் நிறுத்தினாலும் வீண். 25 பாகைக்குக் கீழ் இருக்கவேண்டிய மருந்து, நம் ஊர் ஓகஸ்ட் வெயிலுக்குத் தாக்குப்பிடிக்காது.

மகரகமைப் புற்றுநோய் ஆஸ்பத்திரிக்கோ வேறு எங்கோ மாற்றி அனுப்பும்போது அறிக்கைத் தாள் மட்டும் போனால் போதாது. மெழுகுப் பாளம் எங்கே இருக்கிறது, அதன் இலக்கம் என்ன என்று கேட்டு கிளினிக் கொப்பியின் முன்பக்கத்தில் எழுதி வையுங்கள். பாளம் காயாமல், சூடுபடாமல் இருந்தால் ஆண்டுக்கணக்கில் தாங்கும். புது மருந்து ஏதும் வந்தால் திரும்ப ஊசி குத்தாமல் அதிலிருந்தே பத்துத் துண்டு சீவிப் பார்க்கலாம்.